கொல்லிமலைக்கு மூன்று நாள் போவதென்றால்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். டிசம்பர் கடைசியில் சென்னையிலிருந்து நான்கு பேர் கிளம்புகிறீர்கள்: நீங்கள், மனைவி, ஆறாவது படிக்கும் மகன், முழங்கால் வலி உள்ள 68 வயது அம்மா. சொந்த வண்டி இல்லை. ஊட்டியும் கொடைக்கானலும் பார்த்தாகிவிட்டது, கொஞ்சம் அமைதியான மலை வேண்டும். நாமக்கல்லில் அறை எடுத்துக்கொண்டு காலையில் கொல்லிமலை ஏறி மாலையில் இறங்கினால் போதுமா, 70 கொண்டை ஊசி வளைவை அம்மா தாங்குவார்களா, பக்கத்தில் வேறு எந்த ஊர்களைப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ராசிபுரம் பக்கத்துக்காரன். சின்ன வயதிலிருந்து கிழக்கே பார்த்தால் கண்ணில் படுகிற மலை அது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். காலையில் ஏறி மாலையில் இறங்காதீர்கள். இரண்டு இரவு மேலேயே தங்குங்கள். மூன்றாம் நாளை நாமக்கல்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல்லிலிருந்து மலை மேலுள்ள செம்மேட்டுக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர்தான், ஆனால் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்கவும் அதே நேரம். ஒரே நாளில் போய் வருபவர்களுக்கு நடுவில் மிஞ்சுவது ஐந்தாறு மணி நேரம். அதற்குள் ஓர் அருவி, ஒரு கோயில், படகு இல்லம் என்று ஓடி, படம் எடுத்துக்கொண்டு, வளைவில் குமட்டிக்கொண்டு இறங்கி, 'அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை' என்று சொல்கிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டியது கொல்லிமலையின் காலையும் சாயங்காலமும். அந்த இரண்டையும் அவர்கள் சாலையில் கழித்துவிடுகிறார்கள்.

ஊட்டி, கொடைக்கானல் போல ஓர் ஏரியைச் சுற்றி எழுந்த சுற்றுலா நகரம் இங்கே கிடையாது. இது ஒரு வேளாண் நாடு. கிழக்குத் தொடர்ச்சி மலையில், சமவெளியிலிருந்து நேராக எழும்பி, உச்சியில் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கிறது. பள்ளத்தில் நெல் வயல், சரிவில் மரவள்ளி, மேட்டில் மிளகும் காப்பியும், இடையிடையே சிற்றூர்கள். ஊர்களை நாடு நாடாகச் சொல்வார்கள்: வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று. மலை மக்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். தமிழ்தான் பேசுகிறார்கள். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று கதை சொல்வார்கள். சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, ஜவ்வாது மலைகளிலும் இதே மக்கள் இருக்கிறார்கள்.

போகும் வழி. சென்னை சென்ட்ரலிலிருந்து பழநி வழியாகப் பாலக்காடு போகும் இரவு ரயில் சேலத்தைத் தாண்டி நாமக்கல்லிலும் நிற்கும். 2013இல் சேலம் - கரூர் பாதை திறந்த பிறகு கிடைத்த வசதி இது. விடியும் முன்னே இறக்கிவிடும் என்பதுதான் அம்மாவுக்குச் சிரமம். அது வேண்டாமென்றால் சேலம் வரை ரயிலில் வந்து, காலை உணவை முடித்துக்கொண்டு, அங்கிருந்து பேருந்திலோ வாடகை வண்டியிலோ வரலாம். நாமக்கல், சேலம், ராசிபுரம் மூன்று ஊரிலிருந்தும் மலைக்குப் பேருந்து உண்டு. வளைவுகளில் திரும்ப வேண்டும் என்பதால் மலைக்கு ஓடும் பேருந்துகள் நீளம் குறைந்தவை, சீக்கிரம் நிறைந்துவிடும். உங்கள் அம்மாவுக்காக ஏறுவதற்கும் இறங்குவதற்கும் மட்டும் வாடகை வண்டி பிடிக்கச் சொல்வேன். அந்தச் செலவில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வண்டிக்காரரைப் பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். சென்னையிலிருந்தோ சேலம் நகரத்திலிருந்தோ வரும் ஓட்டுநரைவிட நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி பக்கத்து ஓட்டுநர் நல்லது. காரவள்ளி அடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருக்கும், 70 வரை. மகன் எண்ணிக்கொண்டே வரலாம், குழந்தைகளுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. வளைவில் இறங்கும் வண்டி நின்று வழிவிட வேண்டும், இது தெரியாதவர்களால்தான் பாதி நெரிசல். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாவது கியரில், தேவைப்பட்டால் முதல் கியரில், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். மலை ஓட்டுநர்களுக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

குமட்டலுக்கு: வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும். அம்மா முன் இருக்கையில் உட்காரட்டும், பார்வை சாலையின் மேல் இருக்கட்டும். மகன் கையில் கைபேசி வேண்டாம். வாந்தி வராமலிருக்க மாத்திரை போடுவதானால் ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், வளைவு தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. அம்மா ஏற்கெனவே மருந்து எடுப்பவர் என்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்திக் காற்று வாங்கலாம், ஆனால் வளைவிலேயே நிறுத்தக் கூடாது, குரங்குகளுக்கும் எதையும் போடக் கூடாது. நாமகிரிப்பேட்டை தாண்டி முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு சாலையும் மேலே போகிறது. வளைவுகள் குறைவு. ராசிபுரம் வழியாக வருபவர்களும் வளைவுக்கு அஞ்சுபவர்களும் அதில் ஏறலாம்.

தங்குவதற்குச் செம்மேடு, சோளக்காடு சுற்றுவட்டாரம் வசதி. மேலே ஏறியதும் முதலில் வரும் பெரிய ஊர் சோளக்காடு, சந்தை அங்கேதான். செம்மேட்டில் பேருந்து நிலையம், அரசு மருத்துவமனை, சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் இருக்கின்றன. விடுதிகள் நிறைய வந்துவிட்டன. என் விருப்பத்தைக் கேட்டால், நீச்சல் குளம் வைத்த விடுதியைவிடத் தோட்டத்துக்குள் நான்கைந்து அறை கட்டி வாடகைக்கு விடும் இடம். முன்பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: அறை தரைத்தளத்தில் இருக்கிறதா, மேற்கத்திய கழிப்பறை உண்டா, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும். முழங்கால் வலி உள்ளவருக்கு இந்த மூன்றும்தான் முக்கியம். டிசம்பர் கடைசி வாரம் பள்ளி விடுமுறை என்பதால் முன்பதிவு இல்லாமல் போகவே கூடாது.

குளிரைப் பற்றிப் பயம் வேண்டாம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, இது அதில் பாதியை ஒட்டிய உயரம்தான். மார்கழியில் ராத்திரியும் விடிகாலையும் நன்றாகக் குளிரும், ஒரு ஸ்வெட்டரும் தலைக்குத் துணியும் போதும். பகலில் இதமாக இருக்கும். காலை எட்டு மணி வரை பள்ளங்களில் மூடுபனி நிற்கும், அது மெல்ல மேலேறிக் கலைவதைத் தங்கியவர்கள் மட்டுமே பார்க்க முடியும்.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன், கொல்லிமலைக்குத் தலைவன். அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று வன்பரணர் பாடியிருக்கிறார். திருக்கோவலூர் மலையமான் காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பதும் சங்கப் பாடல்களில் வருகிறது. மலையேறும் வழியிலேயே இந்தக் கதையை மகனிடம் சொல்லிவிடுங்கள். ஓரிக்கு ஒவ்வோர் ஆண்டும் ஆடி 17, 18 தேதிகளில் அரசு விழா நடக்கிறது.

இனி, நான் எதற்காக இரண்டு இரவு தங்கச் சொல்கிறேனோ அதற்கு வருகிறேன்.

காலையில் எழுந்து, எந்தச் சுற்றுலா இடத்துக்கும் போகாமல், தங்கியிருக்கும் ஊரின் சாலையில் ஒரு மணி நேரம் நடங்கள். டிசம்பர், ஜனவரி காப்பிப் பழம் பறிக்கும் காலம். சிவந்த பழங்களை வாசலிலும் பாறையிலும் பரப்பிக் காயவைத்திருப்பார்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி சுற்றி ஏறியிருக்கும். அந்த மரத்தை முக்கியமாக வளர்ப்பதே கொடிக்குக் கொம்பாகத்தான். மிளகு தை, மாசி வாக்கில் அறுவடைக்கு வரும் என்பதால் நீங்கள் போகும்போது பச்சைக் கொத்தாகத் தொங்கும். மகனுக்கு ஒரு பச்சை மிளகைக் கடித்துப் பார்க்கக் கொடுக்கச் சொல்லித் தோட்டக்காரரிடம் கேளுங்கள், சந்தோஷமாகக் கொடுப்பார்கள். கேட்காமல் பறிக்காதீர்கள். வேலி இல்லாத தோட்டம் என்றால் யாருடையதும் இல்லை என்று பொருளல்ல. வெளியூர்க்காரர்கள் மேல் இங்கே உள்ள பெரிய வருத்தமே இதுதான்.

சரிவுகளில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது மரவள்ளி. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையும் கீழே உள்ள ஊர்களும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது இதில்தான் தெரியும். ஒரு காலத்தில் இந்தச் சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்று சிறுதானியங்கள்தான் விளைந்தன. மழையை மட்டும் நம்பி விளைந்து வீட்டுக்கே உணவானவை. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகி, மரவள்ளிக் கிழங்குக்கு ரொக்கம் கிடைக்கத் தொடங்கியதும் நிலம் மாறியது. சேலத்தில் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981இல் தொடங்கியது. ஆலைகளின் தேவை எவ்வளவு பெருகியிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. கிழங்கு லாரியில் இறங்கியது, பணம் மேலே வந்தது, சாமை குறைந்தது.

சாமை குறைந்ததற்கு விலை மட்டும் காரணம் இல்லை. உமி நீக்குவது பெரும்பாடு. பெண்கள் உரலில் மணிக்கணக்கில் குத்திப் புடைக்க வேண்டும். ரேஷன் அரிசி கிடைத்த பிறகு அந்தப் பாட்டை யார் படுவார்கள்? இந்த இடத்தைப் பிடித்துத்தான் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே வேலை செய்தது. பாரம்பரிய விதைகளைச் சேமித்தார்கள், ஊர்க் குழுக்களிடம் சிறிய அரவை இயந்திரங்களைக் கொடுத்தார்கள், தானியத்தை மாவாகவும் அரிசியாகவும் விற்க வழி செய்தார்கள். மலை முழுக்கச் சிறுதானியம் திரும்பிவிடவில்லை. ஆனால் இன்றும் சாமை விதைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. விடுதிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி ஒரு வேளை சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் செய்யச் சொல்லுங்கள். நாம் கேட்டு வாங்கினால்தான் அது அவர்கள் சமையலறையில் நிலைக்கும். திரும்பும்போது ஊர்ப் பெண்கள் குழுக்களிடமிருந்து இரண்டு கிலோ சாமை அரிசி வாங்குங்கள்.

சாப்பாட்டில் இன்னொன்று, சாலையோரக் கடைகளில் விற்கும் முடவாட்டுக்கால் சூப். அது கிழங்கு போலத் தெரியும், உண்மையில் பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணிச் செடியின் தண்டு. மேலே பழுப்பு ரோமம் போர்த்தி ஆட்டுக்கால் போலவே இருக்கும். தோலைச் சீவி, மிளகு சீரகம் தட்டிப்போட்டு வேகவைக்கிறார்கள். குளிரில் அருமையாக இருக்கும். அம்மாவின் முழங்கால் வலி மூன்று நாளில் போய்விடும் என்று கடைக்காரர் சொல்வார். ருசிக்காகக் குடியுங்கள், அதற்காக அம்மாவின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மூலிகை வேர், கருந்தேன், சித்தர் மருந்து என்று சாலையோரத்தில் விற்பவர்களிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். தேன் வாங்குவதானால் தோட்டத்தில் பெட்டி வைத்து வளர்ப்பவரிடம் நேரில் வாங்குங்கள். மிளகு, காப்பிக்கொட்டை, மலைவாழை மூன்றையும் சோளக்காட்டில் வாங்கலாம். சந்தை நாளாக அமைந்தால் இன்னும் நல்லது, விடுதியில் கேட்டால் சொல்வார்கள். அன்னாசியும் பலாவும் கொட்டிக் கிடப்பது ஆனி, ஆடியில்தான். டிசம்பரில் அதே அளவில் எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது ஆகாய கங்கை. கொல்லிமலை என்றாலே எல்லாருக்கும் நினைவுக்கு வரும் அருவி. ஐயாறு என்ற ஆறு மலையை விட்டு இறங்கத் தொடங்கும் இடத்தில், மூன்று பக்கமும் பாறைச் சுவர் சூழ்ந்த பள்ளத்தில் விழுகிறது. அடியில் நின்றால் காற்றும் சாரலும் முகத்தில் அறையும், பேச்சு காதில் விழாது. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு போகிறீர்கள், தண்ணீர் நன்றாக இருக்கும். ஆனால் அங்கே போக ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். மற்ற மலைக் கோயில்களில் ஏறும்போதே களைப்பு தெரியும், முடியாவிட்டால் பாதியில் திரும்பலாம். இங்கே முதலில் இறக்கம், சுலபமாகப் போய்விடுகிறோம். ஏற்றம் கடைசியில்தான் வருகிறது, நனைந்த துணியோடும் நடுங்கும் காலோடும். படிகள் உயரமானவை, சில இடத்தில் வழுக்கும். அம்மா இறங்கவே கூடாது. மூட்டுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கேடு. இதயக் கோளாறு, கடும் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் வேண்டாம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். படிகள் தொடங்கும் இடத்துக்கு அருகிலேயே அறப்பளீசுவரர் கோயில் இருக்கிறது. காலை எட்டரை மணி வாக்கில் எல்லாரும் கோயிலுக்குப் போங்கள். நீங்களும் மகனும் அருவிக்கு இறங்குங்கள், உங்கள் மனைவி அம்மாவோடு கோயிலில் இருக்கட்டும். மனைவிக்கும் அருவி பார்க்க ஆசையென்றால் நீங்கள் இருந்துகொண்டு அவரை அனுப்புங்கள். எப்போதும் பெண்களே காத்திருக்க வேண்டும் என்பதில்லை. இறங்கி, குளித்து, ஏற மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலுக்குப் பிறகு இறங்க விடமாட்டார்கள், அதனால் காலையே சரி. மழை பெய்தால் வனத்துறை வழியை மூடிவிடும். அப்போது காவலரிடம் வாதாட வேண்டாம். மேலே பெய்த மழை பள்ளத்துக்கு வந்து சேரும்போது நொடியில் நீர் பெருகும், ஏறி ஓட அங்கே இடமில்லை.

அம்மா காத்திருப்பது வீண் பொழுதாக இருக்காது. கொல்லி அறப்பள்ளி என்று தேவார வைப்புத்தலமாக, அதாவது தேவாரத்தில் தனிப் பதிகம் இல்லாமல் பெயர் மட்டும் வரும் தலமாகச் சொல்லப்படும் பழைய கோயில் அது. இந்த இறைவன் மேல் அம்பலவாணக் கவிராயர் பாடிய சதகம் ஒரு காலத்தில் திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம். பக்கத்து ஆற்றில் மீன்களுக்குப் பொரி போடுவார்கள். அறுத்த மீனுக்கும் இறைவன் உயிர் கொடுத்தார் என்பது தலக்கதை, அதனால் அந்த மீன்களை யாரும் பிடிப்பதில்லை.

மற்ற அருவிகளில் மாசிலா அருவியும் நம் அருவியும் நடை குறைந்தவை. அம்மா தண்ணீரைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் அங்கே அழைத்துப் போகலாம், கையைப் பிடித்துக்கொண்டு. வாசலூர்பட்டி படகு இல்லம் சின்னது, மகனுக்கு அரை மணி நேரம் போகும். சீக்குப்பாறை, சேலூர் நாடு இரண்டு காட்சி முனைகளில் நேரமிருந்தால் ஒன்று போதும், மாலை நான்கரைக்கு மேல்.

எட்டுக்கை அம்மன் கோயிலைக் கொல்லிப்பாவை கோயில் என்பார்கள், அதை விடாதீர்கள். மாசி பெரியசாமி கோயிலுக்கு ஏற்றம் அதிகம், இந்தப் பயணத்துக்கு ஒத்துவராது. நாமக்கல், சேலம், திருச்சி பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அவர் குலசாமி. தலைமுறை தலைமுறையாக ஏறி வருகிறார்கள். வழியில் மரக்கூட்டத்துக்கு நடுவே நட்ட கல்லோ வேலோ தெரிந்தால் அது கோயில் காடு. செருப்போடு நுழையக் கூடாது, சுள்ளி ஒடிக்கக் கூடாது. படம் எடுக்கும் முன் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்.

மகனோடு காட்டுக்குள் நடக்க ஆசைப்பட்டால் தோட்டப் பாதைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையிலிருந்து ஆகாய கங்கை பக்கம் பழைய ஒற்றையடிப் பாதை இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் அதில் காலடி வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு விதிகள் கடுமையாயின, அது சரியும்கூட. புளியஞ்சோலை ஆற்றில் குளிக்க வேண்டுமானால் துறையூர் வழியாகக் கீழேயே போகலாம், அது தனிப் பயணம்.

டிசம்பர் தள்ளிப்போனால் எப்போது போகலாம் என்றால், பிப்ரவரி வரை இதே அழகு இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் அருவிகள் மெலிந்துவிடும், காற்று மட்டும் குளுமை. ஆடிப்பெருக்கு அன்று விழாவும் நீராடலும் சேர்ந்து மலை நிரம்பி வழியும், அம்மாவோடு வேண்டாம். அக்டோபர், நவம்பரில் அடைமழை பெய்தால் மண் சரிந்து சாலை அடைபடுவது உண்டு.

மூன்றாம் நாள் காலைச் சிற்றுண்டி முடித்து இறங்குங்கள். பத்தரைக்குள் நாமக்கல் வந்துவிடலாம். ஊர் நடுவே ஒரே பாறை, ஏறத்தாழ 65 மீட்டர் உயரம், உச்சியில் கோட்டை. பாறையில் வெட்டிய படிகள் வழியாக மகனைக் கூட்டிக்கொண்டு ஏறுங்கள். வெயில் ஏறிய பிறகு பாறை சுடும், அதனால் வந்ததும் முதல் வேலையாக இதை முடித்துவிடுங்கள். மேற்கே கீழே நரசிம்மர் கோயில், கிழக்கே அரங்கநாதர் கோயில், இரண்டும் எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைகள், அதியர் மரபினர் குடைந்தவை. பெரும்பாலோர் எதிரே நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் அந்த உருவம் கம்பீரம்தான், சந்தேகமில்லை. ஆனால் நரசிம்மர் குகைக்குள் போய்ச் சுவர்களைப் பாருங்கள். இரணியனை மடியில் கிடத்திக் கிழிக்கும் நரசிம்மர், பூமியைத் தூக்கும் வராகர், ஓங்கி உலகளந்த திரிவிக்கிரமர். பல்லவர் சிற்பத்தைப் பார்க்க மாமல்லபுரம் போகும் நம் ஆட்கள், அதற்கு ஈடாக நிற்கக்கூடிய இதைக் கவனிப்பதே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். அம்மாவுக்கும் இங்கே ஏற வேண்டிய படிகள் குறைவு. மதியம் கோயில் நடை சாத்துவார்கள், அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் நாட்காட்டியில் பாருங்கள். மார்கழி அமாவாசை அனுமன் ஜயந்தி. அன்று ஆஞ்சநேயருக்கு 1,00,008 வடைமாலை சாத்துவார்கள், கூட்டம் சாலைகளில் நிற்கும். உங்கள் மூன்றாம் நாள் அதோடு மோதினால் பயணத்தை ஒரு நாள் முன்னே பின்னே தள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நேரமிருந்தால், நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் வீடு நினைவு இல்லமாக இருக்கிறது, சிறியதுதான். கிளம்பும் வழி சேலம் என்றால் ராசிபுரத்தில் நிறுத்தி நெய் வாங்குங்கள், எங்கள் ஊர்ப் பெருமை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நாதஸ்வரத்தில் ஈடுபாடு உள்ள குடும்பமானால் பக்கத்து நாமகிரிப்பேட்டை பெயரைக் கேட்டதும் கிருஷ்ணன் அவர்கள் நினைவுக்கு வருவார். மஞ்சள் விளைச்சலுக்கும் பெயர்பெற்ற ஊர் அது. திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலுக்குச் சாலை வழியாகவே மேலே போகலாம் என்றாலும் ஒரே நாளில் நாமக்கல்லோடு சேர்த்து அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம். சேலத்தில் ரயிலுக்குக் காத்திருக்கும் சாயங்காலத்தில் தட்டுவடை செட் சாப்பிடுங்கள், பீட்ரூட்டும் காரட்டும் சீவிப்போட்டுச் சட்னி தடவித் தருவார்கள். மகனுக்கு மிகவும் பிடிக்கும்.

சில சில்லறை விஷயங்கள். ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள், பணம் எடுக்கும் இயந்திரம் செம்மேட்டை விட்டால் அரிது. கைபேசிச் சமிக்ஞை பள்ளங்களில் போய்விடும், விடுதிக்காரர் எண்ணையும் ஓட்டுநர் எண்ணையும் தாளில் எழுதிப் பையில் வையுங்கள். அம்மாவின் மருந்து மூன்று நாளைக்குப் பதில் ஐந்து நாளைக்கு இருக்கட்டும். அவசரம் என்றால் முதலில் செம்மேடு அரசு மருத்துவமனை, பெரிதென்றால் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தண்ணீருக்கு வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள். காட்சி முனைகளில் பிளாஸ்டிக்கும் உடைந்த மதுப் புட்டிகளும் கிடப்பதைப் பார்ப்பீர்கள். அந்தக் கண்ணாடியில் கால் கிழிவது அங்கே ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்குத்தான்.

பேருந்தில் இறங்குவதானால் செம்மேட்டில் ஏறுங்கள், அங்கேதான் உட்கார இடம் கிடைக்கும். சேலத்திலிருந்து சென்னைக்கு இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. விடுமுறை வாரம் என்பதால் டிக்கெட்டை முன்பதிவு திறந்த அன்றே எடுத்துவிடுங்கள், அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை என்று குறிப்பிட்டு.